பத்தொன்பது பேரும் நலம்

பதிவு 1. முகடு நிலையம், நிலவின் தென்முனை. திங்கள், காலை 11.20

எழுதுவது ரெஜினா மச்சாடோ, கணினிப் பொறியாளர். ரோவர் என்னை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. தனியாக இருக்கிறேன். புதன்கிழமை கூட்டிப்போக வரும்.

வேலை: புது வெப் சர்வரை இங்கே நிறுவி, கீழே தளத்தில் ஓடும் அப்ளிகேஷன் சர்வரோடு இணைப்பது. நாங்கள் முன் சர்வர், பின் சர்வர் என்போம்.

பின்னால் வருகிறவர்களுக்காக ஒரு விளக்கம். தளம் ஆழமான பள்ளத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து பூமி தெரியாது. இந்த முகட்டிலிருந்து தெரியும். அதனால் பூமியிலிருந்து வரும் எந்தக் கேள்வியும் முதலில் இங்குள்ள முன் சர்வரின் கதவைத்தான் தட்டும். அது வெறும் வாசல்காரன். கேள்வியை வாங்கி, லேசர் கற்றை வழியாகப் பள்ளத்துக்குள் இருக்கும் பின் சர்வரிடம் கொடுக்கும். பின் சர்வர்தான் மூளை. காற்று, தண்ணீர், ஆட்களின் நாடித்துடிப்பு எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துப் பதில் சொல்லும். அதை வாங்கிப் பூமிக்கு அனுப்பினால் வாசல்காரனின் வேலை முடிந்தது.

தளத்தில் என்னையும் சேர்த்துப் பத்தொன்பது பேர்.

சர்வர் பெட்டியில் கீறல் இல்லை. மின்சாரம் சரி. ஆரம்பிக்கிறேன்.

பதிவு 2. திங்கள், பிற்பகல் 2.40

502. முன் சர்வர் திரும்பத் திரும்ப இதையே சொல்கிறது. நான் தட்டினேன், பின்னால் யாரும் முறையாகப் பதில் தரவில்லை என்று அர்த்தம்.

லேசர் கற்றை சரியாக இருக்கிறது. போர்ட் எண் சரி. தளத்தைக் கூப்பிட்டேன். பின் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் கோமதிநாயகம். சங்கரன்கோவில்காரர். நான் தூத்துக்குடி. ஒன்பது வருடமாக ஒரே குழுவில் இருக்கிறோம். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

ரேடியோவில் சொன்னார்: "ஏம்மா, அது தன் மெஷின்லேருந்து வார கேள்விய மட்டும்தான் கேக்கும். வெளிய இருந்து வாரதக் காதுல வாங்காது. நான்தான் அப்படி வச்சிருந்தேன். இரு, தொறந்து விடுதேன்."

"ஒரு மணி நேரமா மண்டைய ஒடைச்சுக்கிட்டிருக்கேன் அண்ணாச்சி."

"டீயக் குடி. நீ குடிச்சு முடிக்கதுக்குள்ள ஆயிரும்."

ஆகிவிட்டது.

பதிவு 3. திங்கள், மாலை 5.15

இணைந்தது. பூமியிலிருந்து முதல் கேள்வி வந்தது, கீழே போனது, பதில் திரும்பி வந்தது. கேள்வி கேட்டவர் யார் என்ற விவரமும் கூடவே கீழே போகும்படி செய்திருக்கிறேன். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் முன் சர்வரே கேட்பதாகப் பின் சர்வர் நினைத்துக்கொள்ளும்.

பூமியில் யார் வேண்டுமானாலும் பார்க்கும் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். காற்று: சரி. தண்ணீர்: சரி. பத்தொன்பது பேரும் நலம்.

அண்ணாச்சி ஒரு சின்னத் தொகுப்பு அனுப்பினார். "பின் சர்வர் அசந்து போனா கேள்விக் கூட்டத்தச் சமாளிக்க ஒரு ஏற்பாடு. அப்படியே போட்டுரு, பிரிச்சுப் பாக்க வேண்டாம், நான் சோதிச்சிட்டேன்" என்றார். என் டிஜிட்டல் சாவியால் கையொப்பமிட்டு நிறுவினேன்.

பதிவு 4. செவ்வாய், பகல் 12.10

காலையிலிருந்து ரேடியோவில் தளம் வரவில்லை. எழுத்தில் கேட்டேன். அண்ணாச்சியிடமிருந்து பதில்: "ரேடியோ பழுது. எழுத்தில் பேசவும். ரோவர் நாளைக்கு வரும். கவலைபட வேண்டாம்."

'கவலைப்பட'வில் ப் விட்டுப்போயிருக்கிறது. அவசரத்தில் அடித்திருப்பார்.

வேலை முடிந்துவிட்டது. சாப்பிட்டேன். தூங்கினேன்.

பதிவு 5. புதன், மாலை 4.30

ரோவர் வரவில்லை. எழுத்தில் கேட்டேன். பதில்: "ரேடியோ பழுது. எழுத்தில் பேசவும். ரோவர் நாளைக்கு வரும். கவலைபட வேண்டாம்."

அதே வரி. அதே இடத்தில் ப் இல்லை.

"அண்ணாச்சி, ஊர்ல யாருக்கும் உடம்புக்கு முடியலியா?" என்று சும்மா கேட்டேன். "ரோவர் நாளைக்கு வரும்" என்று வந்தது.

பதிவு 6. புதன், மாலை 5.05

வீட்டிலிருந்து செய்தி. லூர்து என் கணவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவர் எழுதியதை அப்படியே எழுதிவைக்கிறேன்:

"ரெஜி, பிள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல், டெங்குவா இருக்குமோன்னு ரத்தம் எடுத்திருக்காவன்னு எழுதுனேன். அதுக்கு 'மகிழ்ச்சி, இங்கே வேலை அதிகம், ஷெரினை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்'னு பதில் போட்டிருக்க. என்னட்டி ஆச்சு உனக்கு? வாசிச்சுப் பாத்துதான் எழுதுதியா?"

ஷெரின் எங்கள் மகள். அவளுக்குக் காய்ச்சல் என்பதே இப்போதுதான் எனக்குத் தெரியும். அப்படி ஒரு பதிலை நான் எழுதவில்லை.

ஆனால் 'இங்கே வேலை அதிகம்' என்பது நான் வழக்கமாக எழுதுவதுதான். ஷெரினைப் படிக்கச் சொல்வதும் நான்தான்.

லூர்துவுக்கு உடனே எழுதினேன். அனுப்பியதாகக் காட்டுகிறது. போனதா என்று தெரியவில்லை.

பதிவு 7. புதன், மாலை 6.20

சோதித்தேன். வெளியே போய் லேசர் கண்ணாடியின் மூடியைக் கையால் மூடினேன். இப்போது தளத்துக்கும் எனக்கும் நடுவே ஒரு சொல்கூடப் போக முடியாது.

உள்ளே வந்து பக்கத்தைத் திறந்தேன். 502 வந்திருக்க வேண்டும்.

காற்று: சரி. தண்ணீர்: சரி. பத்தொன்பது பேரும் நலம்.

அறிவழகன், நாடி 72. ஜொஹரா, நாடி 68. ரெஜினா மச்சாடோ, நாடி 70.

என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பார்த்தேன். நூற்றைத் தாண்டி ஓடுகிறது.

பதிவு 8. புதன், மாலை 7.00

தொகுப்பைப் பிரித்துப் பார்த்தேன்.

உள்ளே ஒரு சிறிய நிரல். பழைய பதில்களைக் கொஞ்சம் கலைத்துப் போட்டுப் புதிய பதில்போலத் தரும். எங்கள் பத்தொன்பது பேரின் பழைய கடிதங்களும் அதற்குள் இருக்கின்றன. யார் வீட்டிலிருந்து செய்தி வந்தாலும் அவரவர் பாணியில் இரண்டு வரி எழுதும். முன் சர்வருக்கு ஒரு கட்டளையும் இருக்கிறது: செவ்வாய் காலை ஆறு மணி முதல் எந்தக் கேள்வியையும் பின் சர்வரிடம் கொண்டுபோகாதே, இந்த நிரலிடம் கேள்.

பூமி கேட்டாலும் அதுதான் பதில் சொல்லும். நான் கேட்டாலும் அதுதான். நேற்றிலிருந்து நான் அண்ணாச்சி என்று நினைத்துப் பேசியது அதனோடுதான்.

நிறுவியது யார் என்ற இடத்தில் என் பெயர். என் கையொப்பம்.

பழைய முன் சர்வர் நன்றாகத்தானே ஓடியது? தளத் தலைவர் வேதமூர்த்திதான் புதிது வேண்டும் என்றார். ரெஜினாவை அனுப்பலாம் என்று சொன்னது அண்ணாச்சி.

பதிவு 9. வியாழன், காலை 8.15

லேசர் மூடியைத் திறந்துவிட்டு, நிரலைத் தொடாமல், என் கணினியிலிருந்து நேராகப் பின் சர்வரிடம் கேட்டேன். திங்கள் பிற்பகல் அண்ணாச்சி திறந்துவிட்ட வழி இன்னும் திறந்தே இருக்கிறது. அது எதையும் மறைக்கவில்லை. அதனிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆக்ஸிஜன் தயாரிக்கும் இயந்திரம் ஞாயிற்றுக்கிழமை இரவே பழுதாகி நின்றுவிட்டது. எச்சரிக்கை வேதமூர்த்திக்கும் அண்ணாச்சிக்கும் மட்டும் போயிருக்கிறது. கையிருப்பு பத்தொன்பது பேருக்கு இன்னும் ஐந்து நாள் வரும். சரக்குக் கப்பல் வர இரண்டு மாதம் இருக்கிறது. செவ்வாய் காலை அவசரக் கலம் கிளம்பிவிட்டது. நிலவைச் சுற்றும் நிலையத்துக்குப் போகிறது.

கலத்தில் பதினெட்டு இருக்கைகள்.

இருக்கை போதாவிட்டால் சீட்டுக் குலுக்க வேண்டும் என்பது விதி. வந்த முதல் வாரம் எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டோம். பூமிக்குத் தெரிந்தால் குலுக்கச் சொல்லும். பூமிக்குத் தெரியக் கூடாது. அதற்குத்தான் இந்தப் பக்கம்.

சீட்டு வேதமூர்த்திக்கு விழுந்திருக்கலாம். அண்ணாச்சிக்கு விழுந்திருக்கலாம்.

எனக்கு எரிகிற விஷயம் வேறு. பத்தொன்பது பேருக்கு ஐந்து நாள் என்றால் ஒரே ஆளுக்கு மூன்று மாதம் வரும். ஒருவர் தளத்தில் இருந்து கப்பலுக்குக் காத்திருக்கலாம். சாக வேண்டிய அவசியமே இல்லை. "ரெஜினா, நீ இருந்துக்கிடுதியா" என்று கேட்டிருந்தால் அழுதிருப்பேன். சண்டை போட்டிருப்பேன். பிறகு சரி என்றிருப்பேன். கேட்கவே இல்லை.

பதிவு 10. வியாழன், காலை 9.40

முன் சர்வருக்கு வரும் கேள்விகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பூமியிலிருந்து வருபவற்றுக்கு நடுவே வேறொரு முகவரி. கலம்.

கலத்தின் ஆன்டெனா சிறியது. பூமியை எட்டாது. சுற்று நிலையத்தை நெருங்கும்வரை முகடு வழியாகத்தான் அது எதையும் கேட்க முடியும். பாதைக் கணக்கு பின் சர்வரில் இருக்கிறது. அண்ணாச்சி இதை மறந்துவிட்டார். அவர்களுக்கும் இதே வாசல்தான்.

கலம் கேட்டது: அடுத்து என்ஜினை எப்போது எரிப்பது, எவ்வளவு நேரம்?

முன் சர்வர் சொன்ன பதில்: பத்தொன்பது பேரும் நலம்.

கலம் மறுபடி கேட்டது. பத்தொன்பது பேரும் நலம்.

ஆறு முறை கேட்டிருக்கிறார்கள். என்ஜின் எரிக்க வேண்டிய நேரம் 10.30. தவறினால் சுற்று நிலையத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். திரும்ப எரிபொருள் கிடையாது.

நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும்.

பதிவு 11. வியாழன், காலை 10.05

இருபத்தைந்து நிமிடம் சும்மா இருந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் திரையைப் பார்த்தேன். எட்டாவது முறை கேட்டார்கள். ஒன்பதாவது.

ஜொஹரா அதில் இருக்கிறாள். என் காதுவலிக்கு இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மருத்துவர். அவளுக்கு இது தெரிந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. தெரிந்திருந்தாலும்.

நிரலை அழித்துவிட்டேன். முன் சர்வரைப் பின் சர்வரோடு நேராக இணைத்தேன். கேள்வி போனது. பதில் வந்தது. எரிப்பு நேரம், அளவு, கோணம் எல்லாம் கலத்துக்குப் போய்விட்டன.

பூமிக்கும் இனி உண்மைதான் போகும். தளத்தில் உள்ளவர்கள்: யாரும் இல்லை. அதன் கீழே இந்தப் பதிவுகள் பத்தையும் போட்டிருக்கிறேன்.

பதிவு 12. வியாழன், காலை 10.50

கலத்திலிருந்து குரல். அண்ணாச்சி.

"ரெஜினா? ரெஜினாம்மா, நீயா?"

"வழி சரியா வந்துச்சா?"

"வந்துச்சு. எரிச்சிட்டோம். நீ மட்டும் இல்லன்னா…"

"ஏன் அண்ணாச்சி கேக்கல?"

"எப்படிம்மா கேப்பேன்? உன் மூஞ்சியப் பாத்து எப்படிக் கேப்பேன்?"

"பாக்காமக் கேட்டிருக்கலாமே. ரேடியோல கேட்டிருக்கலாம். டீயக் குடின்னு சொன்னீங்கள்ல, அப்பக் கேட்டிருக்கலாம்."

"மத்தவங்களுக்குத் தெரியாதும்மா. நீ சரிவுல விழுந்து போய்ட்டன்னு சொல்லிட்டோம். ஜொஹரா ரெண்டு நாளா அழுதுக்கிட்டு இருக்கு. நீ தளத்துக்கு நடந்து போயிரு. காத்து இருக்கு, சாப்பாடு இருக்கு. நான் கணக்குப் பாத்தேன், உனக்குத் தாராளமா இருக்கும்."

கணக்குப் பார்த்திருக்கிறார்.

பிறகு குரலைத் தாழ்த்தி: "அந்தப் பக்கத்த மட்டும் எடுத்துரும்மா. எங்க வீட்டுல பிள்ளைகள் பாக்கும். என் மவன் பாப்பான். கப்பல் வந்ததும் நானே எல்லாத்தையும் சொல்லுதேன். சத்தியமா."

"என் மகளும் பாப்பா" என்றேன். "எடுக்க மாட்டேன்."

பின்னால் வேதமூர்த்தியின் குரல் ஏதோ சொன்னது. புரியவில்லை. தொடர்பு அறுந்தது.

பதிவு 13. வியாழன், காலை 11.10

கலத்திலிருந்து ஒரு கட்டளை வந்தது. நான் இணைத்த வழியிலேயே வந்து, என் முன் சர்வரைக் கடந்து, பின் சர்வருக்குப் போயிருக்கிறது. முகடு நிலையத்தின் மின்சாரத்தை நிறுத்து. அனுப்பியவர்: தலைவர் வேதமூர்த்தி.

பின் சர்வர் கட்டளைக்குக் கீழ்ப்படியும். அதைத் தடுக்கும் சாவி என்னிடம் இல்லை. பேட்டரி பத்து நிமிடம் தாங்கும்.

இதை இனி விண்வெளி உடுப்போடு இருக்கும் சிறிய கணினியில் எழுதுகிறேன்.

பதிவு 14. வியாழன், காலை 11.14

லூர்துவிடமிருந்து:

"காலைல ஒரு மாதிரி எழுதுனீங்க. இப்ப அந்தப் பக்கத்துல வேற மாதிரி எழுதியிருக்கு. எத நம்புறது? யாரு நீங்க? என் பொண்டாட்டிய என்ன செஞ்சீங்க?"

'ங்க' போட்டு எழுதியிருக்கிறார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் என்னிடம் ஒரு நாளும் 'ங்க' போட்டதில்லை.

பதில் எழுதினேன்:

"நான்தான். ரெஜிதான். கல்யாணத்தன்னைக்குக் கோயில் வாசல்ல உங்க செருப்ப யாரோ மாத்திப் போட்டுட்டுப் போய்ட்டாங்க. ரெண்டும் இடது கால் செருப்பா மிஞ்சுச்சு. அதையே போட்டுக்கிட்டு என் கூட நொண்டி நொண்டி வந்தீங்க, யார்ட்டயும் சொல்லாதேன்னு சொன்னீங்க. நான் சொல்லல. எந்தக் கடிதத்துலயும் எழுதல. அந்த மெஷினுக்கு இது தெரியாது. பிள்ளைக்கு ரத்தத்துல என்ன வந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க"

அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். சர்வரின் விசிறிச் சத்தம் இறங்கியது. விளக்கு போனது.

போனதா என்று தெரியாது.

பதிவு 15. வியாழன், பிற்பகல் 1.30, சரிவில்

நடக்கிறேன். கீழிறங்கும் பாதைதான். உடுப்பில் காற்று மாலை ஏழு வரை வரும். தளத்துக்கு ஆறுக்குள் போய்விடலாம்.

மின்சாரத்தை நிறுத்தியதில் வேதமூர்த்தி தன் வழியையும் அடைத்துக்கொண்டார். முகடு செத்துவிட்டதால் கலத்திலிருந்து இனி தளத்துக்கு எதையும் அனுப்ப முடியாது. அது ஒரு நிம்மதி. எரிப்பு முடிந்துவிட்டதால் அவர்கள் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அதுவும் நிம்மதிதான் போல. சொல்லத் தெரியவில்லை.

ஷெரினுக்குக் காய்ச்சல் வந்தால் வாய் கசக்கிறது என்று எதுவும் சாப்பிட மாட்டாள். லூர்துவுக்கு அவளை வற்புறுத்தத் தெரியாது.

பதிவு 16. மாலை 4.45

விழுந்தேன். முழங்கால். உடுப்பு கிழியவில்லை. மெதுவாகப் போகிறேன். வேகமாக மூச்சு விட்டுவிட்டேன். காற்று கணக்கை விடக் குறைவாகக் காட்டுகிறது.

தளத்தின் விளக்குகள் தெரிகின்றன. எல்லாம் எரிகின்றன. உள்ளே ஆட்கள் இருப்பதுபோலவே இருக்கிறது.

பதிவு 17. மாலை 6.10, தளத்தின் வாசல்

வந்துவிட்டேன்.

கையை வைத்தேன். கதவு திறக்கவில்லை. மறுபடி வைத்தேன். கதவு பின் சர்வரைக் கேட்கும், பின் சர்வர் ஆளைப் பார்த்துத் திறக்கச் சொல்லும். தினமும் நடப்பதுதான்.

வாசல் திரையில் எழுத்து வந்தது.

ரெஜினா மச்சாடோ. இறந்தவர். அனுமதி இல்லை.

விவரம் கேட்டேன். சொன்னது. உயிரோடு ஒருவர் தளப் பதிவில் இருந்தால் கலம் கிளம்பாது, அது பாதுகாப்பு விதி. அதனால் என்னை இறந்தவளாகப் பதிந்திருக்கிறார்கள். பதிந்தவர்: கோமதிநாயகம். நடைமுறைக்கு வந்தது: செவ்வாய், காலை 6.00. பதிந்த நேரம்: திங்கள், காலை 11.05.

அப்போது நான் ரோவரில் இருந்தேன். முகட்டை எட்டவே இல்லை. அதற்குப் பிறகுதான் டீயைக் குடி என்றார். இன்று காலை தளத்துக்கு நடந்து போ என்றார். கதவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்துவிட்டாரா?

மறந்திருப்பார். மறந்திருக்க வேண்டும்.

பதிவு 18. 6.30

கதவோரப் பராமரிப்புத் துளையில் என் கணினியைச் செருகிவிட்டேன். நடுவில் யாரும் இல்லை, நானும் பின் சர்வரும்தான். என் பதிவைத் திருத்தக் கேட்டேன்.

திருத்தலாம் என்கிறது. தளப் பதிவில் உயிரோடு உள்ள ஒருவர் அனுமதி தர வேண்டும் என்கிறது.

6.41

யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

தளப் பதிவில் உயிரோடு உள்ளவர்கள்: யாரும் இல்லை.

நான் இருக்கிறேன் என்று எழுதினேன். பெயர் கேட்டது. எழுதினேன். இறந்தவர், அனுமதி இல்லை.

6.48

மூச்சை மெதுவாக விடுகிறேன். வேறு வழி கேட்டுப் பார்க்கிறேன். விருந்தாளி என்று கேட்டேன். விருந்தாளியை வரவேற்க உயிரோடு ஒருவர் வேண்டும்

6.55

நான் இருக்கிறேன்

பெயர்

ரெஜினா மச்